லவோன் வீட்டுக் குழாய்த் தண்ணீர்

டிசம்பர் 12

லவோனுக்கு,

அன்றைக்கு உன் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிப் பேசினால் இது இருக்கட்டும். நீ. நான். உன் மகன் ட்வைட், கோயிலுக்குப் போடும் சட்டையில். ஜனாதிபதி பதவிக்கு நிற்கிற கவர்னர் கிளேட்டன் ரோர்க். அவருடைய விளம்பர வேலையைப் பார்க்கிற பிரிட் என்ற பெண், காதில் ஒயரோடு. கேமராக்காரர்கள் இரண்டு பேர். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் ஒருவன் என் காபி கேக்கில் மூன்று துண்டு தின்றான். கோல்டன் ஃபரோ பன்றிக் கம்பெனியின் ஆள் ராண்டி ஸ்ட்ரூம், கதவோரம், தொப்பியைக்கூடக் கழற்றாமல். நம் ஊர் வாரப் பத்திரிகை நடத்துகிற கேலன் ப்ருஷா, கழுத்தில் கேமராவோடு. இவ்வளவு பேர். எண்பத்தொரு வயதானாலும் எனக்கு ஒரு முகமும் விட்டுப்போகாது, உனக்கே தெரியும்.

அந்தப் பெண் குழாயைத் திறக்கச் சொன்னாள், கவர்னர் திறந்தார், கண்ணாடி டம்ளர் நிரம்பியது. அதுவரை படம் பிடித்தார்கள். பிறகு அவள் கையைத் தூக்கினாள். டம்ளரைத் தொட்டியில் கொட்டினாள். சிங்க்குக்குக் கீழே நீ வைத்திருக்கும் கடைத் தண்ணீர் கேனை எடுத்து அதே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். "பாட்டி, கொஞ்சம் நகந்துக்கோங்க, உங்க நிழல் விழுது" என்று என்னிடம் சொன்னாள். கவர்னர் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எங்க அம்மா வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு" என்றார்.

நேற்று ராத்திரி செய்திக்கு நடுவில் அது வந்தது. கூடைப்பந்துக்கு நடுவிலும் வந்தது. கடைசியில் எறும்பு எழுத்தில், காசு கொடுத்தது "நல்ல அண்டைவீட்டார் குழு" என்று போடுகிறார்கள். அந்த அண்டைவீட்டார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய பன்றிகள்தான் உன் மகன் நிலத்தில் இரண்டு கொட்டகை நிறைய நிற்கின்றன. அவற்றின் கழிவுக் குட்டைக்குக் கீழேதான் உன் கிணறும் என் கிணறும் இருக்கின்றன.

அக்டோபரில் என் பேத்தி கெய்லாவின் குழந்தைக்கு உதடு நீலமாகப் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பன்றிக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்ததுதான் காரணம் என்றார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று மாவட்ட நர்ஸ் உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே நாளில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தானே சிங்க்குக்குக் கீழே அந்தக் கேன் இருக்கிறது?

இப்போது மூன்றாவது கொட்டகை போடப்போகிறார்கள். அது வேண்டாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இன்று மளிகைக் கடையில் கல்லாப் பெண் என்னிடம் சொல்கிறாள்: "என்ன ஆர்டிஸ், கவர்னரே குடிக்கிறார், உங்களுக்கு மட்டும் ஆகாதா?"

நீ ஒன்று செய்தால் போதும். கேலனிடம் போய், டம்ளரில் இருந்தது என் குழாய்த் தண்ணீர் இல்லை என்று சொல். அவனும் கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் வீட்டுக்காரி சொன்னால்தான் போடுவேன் என்கிறான். ஜனவரி 19-ஆம் தேதி, கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற காக்கஸ் கூட்டத்துக்கு முன்னால் அது பேப்பரில் வர வேண்டும்.

ஃபோன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். அதனால்தான் எட்டாம் வகுப்போடு நின்றவள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆர்டிஸ்


டிசம்பர் 17

அன்புள்ள அக்கா,

இங்கே பனி முழங்கால் வரை. உன் வீட்டு வாசல் பனியை யாராவது தள்ளிவிட்டார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெரியவில்லை. உன் கேக் தட்டு என்னிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். எனக்கு எழுதவே கை வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். படமெல்லாம் எடுத்து முடித்து விளக்கை அணைத்த பிறகு, கேமராவைப் பெட்டியில் வைத்த பிறகு, கவர்னர் என்ன செய்தார் என்று நீ எழுதவில்லை. துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தார், அக்கா. நான் கழுவினேன், அவர் துடைத்தார். எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. நம் அப்பா துடைத்தாரா? என் வீட்டுக்காரர் துடைத்தாரா? உன் மெர்லின் நல்ல மனிதர்தான், அவர் தட்டைத் தூக்கிச் சிங்க்கில் போட்டதுண்டா? "உங்க கை நடுங்குது, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். எழுபத்தாறு வயதில் எனக்கு அதைச் சொன்ன முதல் ஆம்பளை அவர்தான்.

விளம்பரம் என்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். சோப்பு விளம்பரத்தில் துணி அப்படியா வெளுக்கிறது?

ட்வைட்டைப் பற்றி நீ நினைத்துப் பார்த்தாயா? பன்றி கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, கொட்டகைக் கடன் மட்டும் என் பிள்ளையுடையது. நாளைக்கு அவர்கள் குட்டிகளை அனுப்பாவிட்டால் அவன் எதை வைத்துக் கட்டுவான்? அவன் நல்லவன். அவனே கேன் தண்ணீர்தான் குடிக்கிறான்.

இன்னொன்று. நீயும் அங்கேதான் நின்றாய். அப்போது ஏன் பேசவில்லை? என்னை மட்டும் ஏன் பேசச் சொல்கிறாய்? அம்மாவின் போர்வையை நான் எடுத்துக்கொண்டேன் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், இப்போது இதுவும் சேர்ந்தது.

குழந்தை எப்படி இருக்கிறாள்?

உன் தங்கை,
லவோன்


டிசம்பர் 20

லவோனுக்கு,

போர்வையைப் பற்றி நான் இந்தத் தடவை ஒரு வார்த்தை எழுதவில்லை. நீயாக இழுத்தாய். அது நாற்பது வருஷம் இல்லை, நாற்பத்து மூன்று.

நான் பேசவில்லையா? நீ கேக் வெட்டப் போயிருந்தாய், அதனால் கேட்கவில்லை. நான் அந்த ஆளிடம் நேராகப் போய், "கேன் தண்ணி வேணாம், இந்தக் குழாய்த் தண்ணியவே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க கவர்னர்" என்றேன். சிரித்தார். என் இரண்டு கையையும் அவருடைய இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "ஆர்டிஸ், மெர்லின் இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு, இல்ல?" என்றார்.

மெர்லின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் தண்ணீரும் மறந்தது, குழந்தையும் மறந்தது. பிறகு பிரிட் கையில் ஒரு அட்டை பார்த்தேன். அதில் என் பெயர், மெர்லின் பெயர், அவர் செத்த வருஷம், நம் கோயில் பெயர், எல்லாம் அச்சடித்திருந்தது. ஆறு மாசம் முன்னால் நம் ரோட்டில் ஒரு பையன் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தானே, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தோமே, அவன் சம்பளம் யார் கொடுத்தது என்று நினைக்கிறாய்? துக்கத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்கி, திருப்பி என்னிடமே கொடுக்கிறார்கள்.

தட்டுத் துடைத்தார் என்கிறாய். துடைத்தார், நானும் பார்த்தேன். அதற்குத்தான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக வந்திருந்தால் உன்னிடம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

கவர்னரை எதிர்த்துப் போட்டியிடுகிற, நான் ஆதரிக்கிற செனட்டர் ஐரீன் டாலைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ சிரிக்கலாம். போன வியாழக்கிழமை நூலகத்துக்கு வந்தார். நாங்கள் ஆறு பேர், அதில் ஒருவர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர். அந்த அம்மாவுக்கு இருமல். காகிதத்தைப் பார்த்தே படித்தார். என்னை "ஆலிஸ்" என்று கூப்பிட்டார், இரண்டு தடவை. ஆனால் கழிவுக் குட்டையை அதைத் தோண்டுகிற கம்பெனியே சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். டிவியில் அவர் முகத்தை நீ பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். அதற்குப் பணம் வேண்டும், பணம் இருக்கிறவர்கள் குட்டை தோண்டுகிறவர்கள்.

கேலனிடம் போ, லவோன். ஒரே வாக்கியம். அடுக்கி அலங்கரிக்க வேண்டாம்.

குழந்தை தேறிவிட்டாள். கேன் தண்ணீரில் குளிக்கிறாள், ராணி மாதிரி.

ஆர்டிஸ்


ஜனவரி 5

அன்புள்ள அக்கா,

குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னி அஞ்சல் பெட்டியில் போட்டிருந்தேன். மஞ்சள் நிறம். கெய்லா நன்றி சொல்லிக் கார்டு அனுப்பினாள். நீ ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது எழுத முடியாது. தபாலை ட்வைட்தான் எடுத்து வருகிறான். உன் கையெழுத்தைப் பார்த்தாலே அவன் முகம் மாறுகிறது. போன வாரம் ராண்டி ஸ்ட்ரூம் வந்து மேஜையில் உட்கார்ந்து, "ஆர்டிஸ் அம்மா எப்படி இருக்காங்க, இன்னும் கோவமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

19-ஆம் தேதி கூட்டத்தில், பள்ளிக்கூட ஜிம்மில் பார்ப்போம். எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

லவோன்


ஜனவரி 20

லவோனுக்கு,

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டபடியே வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். திருப்தியா?

மற்ற ஊர்க்காரர்கள் திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன், கடன் கொடுத்தவன், பாதிரியார் எல்லோரும் பார்க்க, யாருக்கு நிற்கிறோமோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். கவர்னர் மூலையில் சூடான பன்றி இறைச்சி ரொட்டி, கொக்கோ, குழந்தைகளுக்குப் பலூன். நடமாட முடியாதவர்களை அழைத்துவர இரண்டு வேன். எங்கள் மூலையில் நான் சுட்ட ஓட்ஸ் பிஸ்கட், அதுவும் அடி கருகியது.

வந்தவர்கள் நூற்றிருபது. ஒரு மூலை கணக்கில் வர வேண்டுமானால் பதினெட்டுப் பேர் வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூலையைக் கலைத்துவிடுவார்கள். எண்ணினோம். பதினேழு. மறுபடி எண்ணினோம். பதினேழு. ஆளை இழுத்துக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தார்கள். கவர்னர் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "வாங்க ஆர்டிஸ், ஜெயிக்கிற பக்கம் வந்து உக்காருங்க, காலு வலிக்காது." "செனட்டர் நல்லவங்கதான், ஆனா யாருக்கு அவங்களைத் தெரியும்?" தெரியவில்லையாம். தெரியாமல் இருப்பதற்கு எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள்.

கடைசியில் நீ கிளம்பி வந்தாய். ஜிம்முக்கு நடுவில், அந்தக் கூடைப்பந்து வட்டத்தைத் தாண்டி, அம்மாவின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு. என்னை இழுத்துப்போக உன்னையே அனுப்பினார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். நீ போய்விட்டாய் என்று காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

எங்கள் மூலையைக் கலைத்தார்கள். மற்றவர்கள் போய்க் கவர்னர் பக்கம் நின்றார்கள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி எழுத மாட்டேன்.

ஆர்டிஸ்


ஜனவரி 30

லவோனுக்கு,

எழுத மாட்டேன் என்றேன், எழுத வைத்துவிட்டாய்.

நேற்றுப் பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கம், பன்றி விலைக்கும் நாய்க்குட்டி விற்பனைக்கும் நடுவில்: "கவர்னர் ரோர்க் விளம்பரத்தில் காட்டப்பட்ட குடிநீர் கடையில் வாங்கியது என வீட்டு உரிமையாளர் திருமதி லவோன் ஹெக்மன் தெரிவித்தார்." இரண்டு வரி. கெய்லா எனக்குப் படித்துக் காட்டினாள், நம்பாமல் நானும் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து. கவர்னர் அடுத்த மாநிலத்தில் வேறு எவளோ வீட்டில் தட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. இப்போது சொன்னால் உனக்கும் கஷ்டமில்லை, உன் பிள்ளைக்கும் கஷ்டமில்லை. மனசும் லேசாகிவிடும், இல்லையா? உனக்கு எப்போதும் எல்லாம் லேசாக வேண்டும். சின்ன வயசில் கோழி அறுக்கிற நாளில் உனக்கு மட்டும் தலைவலி வருமே, அந்த மாதிரி.

நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஆர்டிஸ்


பிப்ரவரி 4

அக்கா,

இதை நான் அழாமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் கேலனிடம் போனது ஜனவரி 12, திங்கட்கிழமை. கூட்டத்துக்கு முழுசாக ஒரு வாரம் முன்னால். ட்வைட் தீனி மில்லுக்குப் போன நேரம் பார்த்து நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன், பனியில், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு. உன் கடிதத்துக்காகப் போகவில்லை. மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குழந்தை இருக்கிற ஃபோட்டோவைக் கெய்லா கார்டில் வைத்திருந்தாள். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேலன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். காபி கொடுத்தான். "லவோன், இதுக்கு ரொம்பத் தைரியம் வேணும். வியாழக்கிழமை வந்துடும்" என்றான். வியாழக்கிழமை வரவில்லை. கடைசிப் பக்கம் முழுக்க அந்த விளம்பரத்துப் படம்தான் இருந்தது, என் சமையலறை, அவர் கையில் டம்ளர். நான் ஃபோன் செய்தேன். "கம்பெனி தரப்பையும் கேக்கணும்ல, அதுதான் முறை. ராண்டிகிட்டப் பேசியிருக்கேன்" என்றான்.

ராண்டியிடம் பேசிவிட்டான், அக்கா. என் பெயரைச் சொல்லி. வெள்ளிக்கிழமையே ட்வைட்டுக்கு ஃபோன் வந்துவிட்டது. பிப்ரவரிக் குட்டிகள் வராதாம்.

கூட்டத்தன்று ட்வைட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவங்க பக்கம் நில்லு. ராண்டி பாக்குறான். நான் பேசி எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்" என்றான். நின்றேன். பிறகு அங்கே யாரோ "பதினேழுதான், கலைஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் ட்வைட் கையை விட்டுவிட்டு நடந்தேன்.

உன்னை இழுத்துப்போக வரவில்லை. நான் பதினெட்டாவது ஆள்.

நீ சுவரைப் பார்த்துத் திரும்பினாய். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் உன் முதுகுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வெளியே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். என்னை எந்த மூலையிலும் எண்ணவில்லை.

இப்போது இரண்டு கொட்டகையும் காலி. ட்வைட் என்னோடு பேசுவதில்லை, தட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான்.

லவோன்


பிப்ரவரி 9

லவோனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கெய்லாவை வண்டி எடுக்கச் சொல்லி பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். கேலன் எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

"என் தங்கச்சி பன்னிரண்டாம் தேதி வந்தாளா இல்லையா?" என்றேன்.

"வந்தாங்க ஆர்டிஸ்."

"பின்ன ஏன்டா போடல?"

"கேளுங்க. நல்ல அண்டைவீட்டார் குழு கூட்டம் முடியற வரைக்கும் எல்லாக் கடைசிப் பக்கத்தையும் வாங்கியிருந்தாங்க. அதுல வந்த காசுலதான் இந்த ஹீட்டர் ஓடுது. இந்தப் பேப்பர் நின்னுபோச்சுன்னா உங்க ஊர்ல யாரு செத்தாங்கன்னுகூட உங்களுக்குத் தெரியாது."

"யாரு செத்தாங்கன்னு எனக்குப் பேப்பர் சொல்ல வேண்டியதில்ல. ராண்டிகிட்ட அவ பேரை எதுக்குச் சொன்ன?"

"ரெண்டு தரப்பையும் கேக்கறதுதான் நியாயம்."

"ரெண்டு தரப்பா? நீ அந்தச் சமையலறையில நின்னியேடா. கேன்ல இருந்து ஊத்தினதை உன் கண்ணால பாத்தியே. உன் தரப்பு எங்க?"

அவன் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினான். அடுக்கி முடித்து மறுபடி அடுக்கினான். "நான் போடாம இருந்துடலயே ஆர்டிஸ். போட்டேன்ல" என்றான்.

ட்வைட்டை இங்கே அனுப்பு. வாய் பேச வேண்டாம், என் கொட்டகைக் கதவு கீலில் இருந்து கழன்று கிடக்கிறது, அதைப் பார்க்கட்டும், சாப்பிட்டுப் போகட்டும். கடன் விஷயமாகப் பாங்க்குக்கு எப்போது போகிறீர்கள் என்று சொல்லு, நானும் வருகிறேன். எனக்கு அங்கே மேனேஜரின் தாத்தாவைத் தெரியும், அவர் என்னிடம் என்ன சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது.

நான் திரும்பி நின்றதைப் பற்றி நீ எழுதியிருக்கிறாய். திரும்பினேன். அதை எழுதி மழுப்ப எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீ இடது பக்கம் உட்காரு, நான் உன் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். எல்லோரும் பார்க்கட்டும். ஃபோனும் செய்யலாம்.

ரோர்க்கை ஒருவேளை நான் மன்னிப்பேன். அவன் வெளியூர்க்காரன், காசு கொடுத்தவன் சொன்ன இடத்தில் நின்று கொடுத்ததைக் குடித்தான். நேற்று டிவியில் ஒரு மீனவன் வீட்டில் உட்கார்ந்து, மீனவனுடைய செத்துப்போன அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மீனவனும் கண்ணைத் துடைத்தான். ராண்டி ஸ்ட்ரூம் சம்பளத்துக்கு மிரட்டுகிறவன், வேறு சம்பளம் கிடைத்தால் வேறு யாரையாவது மிரட்டுவான். பிரிட் சின்னப் பெண், அவளுக்கு யாராவது ஒருநாள் கேனில் இருந்து ஊற்றிக் கொடுப்பார்கள். ட்வைட்மேல் எனக்கு ஒன்றுமில்லை. உன்மேலும் இல்லை, போர்வையைத் தவிர.

ஆனால் ஜனவரி 15-ஆம் தேதிப் பேப்பரில் அந்த இரண்டு வரி வந்திருந்தால், நீ ஜிம்மைக் கடந்து வந்தபோது எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்கும். நான் கையை நீட்டியிருப்பேன். நாம் பதினெட்டுப் பேர் நின்றிருப்போம். கேலன் ப்ருஷாவை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆர்டிஸ்